தங்க விகிதம் முகத்தை அளக்குமா? கண்ணுக்கு ஒன்று பிடித்துப்போவதன் பின்னணி

"உலகிலேயே அழகான முகம் இதுதான், அறிவியலே சொல்லிவிட்டது" என்று ஒரு படம் சில மாதங்களுக்கு ஒரு முறை வாட்ஸப் குழுக்களில் சுற்றி வருகிறது. ஒரு நடிகையின் முகம், அதன் மேல் கோடுகள், கட்டங்கள், நத்தை ஓடு மாதிரி ஒரு சுழல். கீழே, அந்த முகம் தங்க விகிதத்தோடு எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று தசமப் புள்ளியோடு ஓர் எண். பலர் அதை நம்பிவிடுகிறார்கள். சிலர் தங்கள் படத்தை ஏற்றினால் மதிப்பெண் போடும் செயலிகளைத் தேடிப் போகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று அந்த மதிப்பெண்ணைப் பார்த்துச் சுருங்கிப்போவதை நினைத்தால், இதை விளக்காமல் விட மனம் வரவில்லை.

தங்க விகிதம் என்ற எண் கணிதத்தில் உண்மையானது. அது அழகின் அளவுகோல் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. ஆனாலும் ஒரு பொருளை, ஒரு முகத்தை, ஒரு நிறத்தைப் பார்த்ததும் கண்ணுக்கு ஏன் பிடித்துப்போகிறது என்ற கேள்வி நல்ல கேள்வி. உளவியலாளர்கள் ஏறக்குறைய 150 ஆண்டுகளாக அதைச் சோதனை போட்டுப் பார்த்து வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை ஒரு விகிதமல்ல, மூளை வேலை செய்யும் விதம்.

முதலில் அந்த எண்

10 செ.மீ. நீளமுள்ள ஒரு கோட்டை 6.18, 3.82 என இரண்டாக வெட்டுங்கள். முழுக் கோட்டைப் பெரிய துண்டால் வகுத்தால் 1.618 வரும். பெரிய துண்டைச் சிறிய துண்டால் வகுத்தாலும் அதே 1.618. முழுதுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள உறவே பெரியதுக்கும் சிறியதுக்கும் இருக்கிறது. தங்க விகிதம் என்பது இவ்வளவுதான்.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் இதை எழுதிவைத்தார். அழகைப் பற்றி அவர் பேசவே இல்லை. 1509-இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி இதைத் தெய்வீகமான விகிதம் என்று கொண்டாடினார். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர் லியொனார்டோ டா வின்சி என்பதால், லியொனார்டோவின் ஓவியமெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரையப்பட்டது என்ற கதை பின்னால் ஒட்டிக்கொண்டது. 'தங்க' என்ற அடைமொழி அச்சில் தென்படுவது 1835-இல், மார்ட்டின் ஓம் என்ற ஜெர்மன் கணித ஆசிரியரின் எழுத்தில். மின்தடையின் அலகுக்குப் பெயர் தந்த ஓமின் தம்பி அவர். 1854-இல் அடோல்ஃப் ஸைஸிங் என்ற இன்னொரு ஜெர்மானியர், மனித உடல், செடி, கட்டடம் எல்லாவற்றையும் இந்த விகிதமே ஆள்கிறது என்று எழுதினார். இன்றைய வாட்ஸப் படத்தின் மூதாதை அவர்தான்.

இதற்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படுபவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. ஏதென்ஸின் பார்த்தினான் கோயில். முகப்பைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து காட்டுவார்கள். செவ்வகத்தின் அடிக்கோடு எந்தப் படியில் தொடங்க வேண்டும், இடிந்துபோன உச்சி எங்கே இருந்திருக்கும் என்பதை வரைபவரே முடிவு செய்கிறார். தடித்த கோட்டால் வரைந்தால் கோட்டின் தடிமனே தப்பை மறைத்துவிடும். கணிதவியலாளர் ஜார்ஜ் மார்க்கோவ்ஸ்கி 1992-இல் இப்படிப்பட்ட கூற்றுகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவை நிற்கவில்லை என்று காட்டினார்.

2. நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓடு. தங்க விகிதச் சுழல் ஒரு முழுச் சுற்றுக்கு 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் ஓடு ஒரு சுற்றுக்குச் சுமார் 3 மடங்குதான் விரிகிறது. இரண்டும் அழகான சுழல்கள், ஆனால் ஒன்றல்ல.

3. சூரியகாந்தி. இது உண்மை. அதன் விதைச் சுழல்களை எண்ணினால் 34, 55, 89 போன்ற எண்கள் வரும், இவற்றில் ஒன்றை அதற்கு முந்தையதால் வகுத்தால் ஏறக்குறைய 1.618. அடுத்தடுத்த விதைகளுக்கு இடையே உள்ள கோணம் சுமார் 137.5 பாகை, அதுவும் தங்க விகிதத்திலிருந்து பிறப்பதுதான். ஆனால் அதற்குக் காரணம் இடம் வீணாகாமல் விதைகளை நெருக்கி அடுக்குவது. யார் கண்ணுக்கும் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பூ அதைச் செய்யவில்லை.

4. முகம். புருவம், கண்ணின் இரு மூலைகள், மூக்கு நுனி, மூக்கின் அகலம், உதட்டோரம், முகவாய், முடி தொடங்கும் இடம் என்று பத்துப் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கு இடையே 45 தூரங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை இன்னொன்றால் வகுத்துக்கொண்டே போனால் ஆயிரத்துக்குக் குறையாத விகிதங்கள் வரும். 1.6-ஐ ஒட்டிச் சில எந்த முகத்திலும் கிடைக்கும். உங்கள் முகத்திலும் கிடைக்கும்.

ஃபெஹ்னரின் பத்து அட்டைகள்

சரி, யாராவது நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். லைப்சிக் நகரின் குஸ்டாவ் ஃபெஹ்னர், அழகைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்த முதல் ஆள். 1876-இல் அவர் வெளியிட்ட முடிவு இது. சதுரத்தில் தொடங்கி நீளமான செவ்வகம் வரை பத்து அட்டைகள், எல்லாம் ஒரே பரப்பளவு. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் எது மிகவும் பிடிக்கிறது என்று கேட்டார். சுமார் 35 சதவீதம் பேர் தங்க விகித அட்டையை எடுத்தார்கள். அதன் இரு பக்கத்து அட்டைகளையும் சேர்த்தால் முக்கால் பங்கு வாக்குகள் அங்கேயே விழுந்தன.

தங்க விகிதத்தின் ஆதரவாளர்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருப்பது இந்த முடிவைத்தான். ஆனால் பின்னால் வந்தவர்கள் ஒரு சந்தேகம் எழுப்பினார்கள். அடுக்கில் நடுவாக இருப்பதைத்தான் மக்கள் எடுக்கிறார்களோ? 1974-இல் காட்கெவிட்ச் என்ற ஆய்வாளர் செவ்வகங்களின் அடுக்கையே மாற்றிப் பார்த்தார். தங்க விகிதம் அடுக்கின் ஓரத்துக்குப் போனதும் அதன் செல்வாக்கும் போய்விட்டது. பிறகு நடந்த சோதனைகளில் இன்னொன்றும் தெளிவானது. ஒவ்வொருவருக்கும் செவ்வகத்தில் ஒரு ருசி இருக்கிறது. ஒருவர் சதுரத்தையே திரும்பத் திரும்ப எடுப்பார், இன்னொருவர் ஒடுக்கமானதை எடுப்பார். எல்லாரையும் கூட்டிச் சராசரி போட்டால் நடுவில் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும்.

ஆக, பொருளுக்குள் ஒரு மந்திர எண் இல்லை. அப்படியானால் எங்கே தேடுவது?

சரளம்: மூளைக்குச் சுலபமாகப் பிடிபடுவது

ரோல்ஃப் ரேபர், நோர்பர்ட் ஷ்வார்ஸ், பியோட்டர் விங்கீல்மன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2004-இல் முன்வைத்த விளக்கம் இன்று பரவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் சாரம் இது. கண் அனுப்பும் தகவலை மூளை வரிசைப்படுத்தி, அடையாளம் கண்டு, பொருள் கொள்ள வேண்டும். இந்த வேலை தடங்கலின்றி ஓடினால் அதுவே ஒரு சின்ன இன்பமாக உணரப்படுகிறது. அந்த இன்பத்தை நாம் மூளையின் கணக்கில் வைப்பதில்லை, பார்த்த பொருளின் கணக்கில் எழுதி "அழகாக இருக்கிறது" என்கிறோம். இந்தத் தடங்கலற்ற ஓட்டத்தைச் சரளம் என்று அழைப்போம். வாசிக்கத் தெரிந்தவர் சரளமாக வாசிப்பது போல, கண் ஒரு பொருளைச் சரளமாக வாசிக்கிறது.

இதற்கு உடம்பிலேயே தடயம் உண்டு. விங்கீல்மனும் ஜான் கசியோப்போவும் 2001-இல் செய்த சோதனையில், சாதாரணப் பொருள்களின் படங்களைக் காட்டினார்கள். சில படங்களை மட்டும் எளிதாக அடையாளம் தெரியும்படி அமைத்தார்கள், உதாரணமாக, நொடியின் ஒரு துளி நேரம் கூடுதலாகக் காட்டினார்கள். பார்ப்பவர்களின் கன்னத்தில், சிரிக்கும்போது இழுபடும் தசையின் மேல் மின்முனை பொருத்தியிருந்தது. எளிதாகப் பிடிபட்ட படங்களுக்கு அந்தத் தசை லேசாக அசைந்தது. வெளியே தெரியாத சிரிப்பு. படத்தில் ஒரு கடிகாரமோ பறவையோதான் இருந்தது, சிரிக்க ஒன்றுமே இல்லை.

சரளத்தைக் கூட்டுபவை எவை?

1. சமச்சீர். இடப் பாதி தெரிந்துவிட்டால் வலப் பாதியைப் புதிதாகப் பார்க்க வேண்டியதில்லை. கோபுரம், கதவு, பட்டாம்பூச்சி எல்லாம் மூளைக்குப் பாதி வேலையை மிச்சம் செய்கின்றன.

2. உருவமும் பின்னணியும் தெளிவாகப் பிரிவது. 'பளிச்சென்று இருக்கிறது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதற்கு எதிர்ப்பதம் 'கண்ணை உறுத்துகிறது'.

3. அதன் வகைக்குச் சரியான மாதிரியாக இருப்பது. நாற்காலி என்றதும் மனதில் வரும் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் நாற்காலி எளிதில் பிடித்துப்போகும்.

4. முன்பே பார்த்திருப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் கழித்து விரிவாகப் பார்க்கலாம்.

எல்லாமே சரளத்துக்குள் அடங்கிவிடாது. கூர்மையான ஓரமுள்ள பொருளைவிட வளைவான பொருளை மக்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று மோஷே பார், மைத்தல் நேட்டா 2006-இல் காட்டினார்கள். கூர்முனை ஆபத்தைக் குறிப்பதால் மனம் விலகுகிறது என்பது அவர்களின் விளக்கம். அது வேறொரு பாதை.

அப்படியானால் வெள்ளைத் தாள்தான் உலகிலேயே அழகா?

இந்த எதிர்க்கேள்வி நியாயமானது. மிகச் சுலபமாகப் பிடிபடுவது வெறும் வட்டம், வெறும் தாள். அவற்றை யாரும் நின்று ரசிப்பதில்லை. இதற்கான விடை வாசலிலேயே கிடக்கிறது.

சிக்குக் கோலம் ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். தண்ணீர் தெளித்து ஈரம் காயாத மண்ணில் முதலில் புள்ளிகள். ஏழு புள்ளி, இரு பக்கமும் குறைந்துகொண்டே போய் ஒன்றில் முடியும் இடுக்குப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 49. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இறங்குகிறது. கம்பி ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து, அடுத்த புள்ளியின் மறுபுறம் போய், தன்னையே வெட்டிக்கொண்டு திரும்புகிறது. போட்டு முடிந்ததும் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் நாலு பக்கமும் ஒத்த வடிவம் தெரிந்துவிடும். அது சரளம். ஆனால் குனிந்து, ஒரு கம்பியை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தால் மூன்றாவது வெட்டிலேயே வழி தவறும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, இது ஒரே கம்பியா, இரண்டா? மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வந்து சேர்ந்த கணத்தில் ஒரு நிம்மதி. கோலம் இரண்டு தூரத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. எட்டத்தில் எளிது, கிட்டத்தில் புதிர்.

இந்த எளிமைக்கும் சிக்கலுக்கும் நடுவே ஓர் உறவு இருப்பதை கணினி அறிவியலும் தொட்டிருக்கிறது. சென்னை கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974-இல் கோலங்களுக்கு ஓர் 'இலக்கணம்' எழுதினார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போல, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஒரு கோலக் குடும்பத்தையே உருவாக்கலாம் என்று காட்டினார்கள். உளவியலோடு இதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகிறது. கண்ணுக்குச் சிக்கலாகத் தெரிவது சில விதிகளுக்குள் அடங்குகிறது. அந்த அடக்கத்தை மனம் முகர்ந்துவிடுகிறது, உடனே அல்ல, சற்று முயன்று.

டொரான்டோவில் பணியாற்றிய உளவியலாளர் டேனியல் பெர்லைன் 1970-களில் இதை ஒரு வளைகோடாக வரைந்தார். சிக்கல் கூடக் கூட விருப்பம் ஏறும், ஓர் உச்சம் தொட்டபின் இறங்கும். கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவம். உச்சம் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இல்லை. மூன்று புள்ளிக் கோலம் கற்கும் சிறுமிக்கும், 21 புள்ளி போடும் பாட்டிக்கும் உச்சம் வேறு. பயிற்சி வந்தவருக்குச் சிக்கலும் சரளமாகிவிடுகிறது. சங்கீதம் கேட்டுப் பழகியவருக்கும் பழகாதவருக்கும் உள்ள வித்தியாசமும் இதுவே.

சரளமும் புதிரும் சண்டை போடுபவை அல்ல என்பது என் கருத்து. முதலில் வருகிற சின்னத் தடங்கல் நம் கண் முன்னே கரைந்து ஒழுங்காக மாறுகிறதே, அந்த மாற்றம்தான் பிடித்துப்போகிறது. வெள்ளைத் தாளில் கரைய எதுவும் இல்லை. கிறுக்கலில் எதுவும் கரைவதில்லை.

பழகினால் பிடிக்கும், எதுவரை?

ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் செய்த சோதனை உளவியலில் மிகவும் புகழ்பெற்றது. சீன மொழி தெரியாத மாணவர்களுக்குச் சீன எழுத்து போன்ற குறிகளைக் காட்டினார். சிலவற்றை ஒரு தடவை, சிலவற்றை 5, 10, 25 தடவை. பிறகு, இந்தக் குறிக்கு நல்ல பொருள் இருக்குமா, கெட்ட பொருள் இருக்குமா என்று ஊகிக்கச் சொன்னார். அதிகம் பார்த்த குறிகளுக்கு நல்ல பொருளைச் சொன்னார்கள். யாரும் எதையும் புகழவில்லை, பரிசு தரவில்லை. வெறுமனே கண்ணில் பட்டது போதுமானதாக இருந்தது. 1980-இல் ஸயான்ஸும் உடன் ஆய்வு செய்தவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எண்கோண வடிவங்களை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். எதைப் பார்த்தோம் என்றே பங்கேற்றவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எது பிடிக்கிறது என்று கேட்டபோது ஏற்கெனவே காட்டப்பட்டதையே அதிகம் எடுத்தார்கள். 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பதில் பாசத்தோடு இந்தப் பழக்கமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

ஓவியங்களுக்கும் இது பொருந்துமா? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கட்டிங் இதைத் தன் வகுப்பிலேயே பார்த்தார். பிரெஞ்சு உணர்வுப்பதிவு (இம்ப்ரெஷனிஸ்ட்) ஓவியங்களில் புகழ்பெற்றவற்றைத்தான் மாணவர்கள் இயல்பாக விரும்பினார்கள். அடுத்து, ஒரு பருவம் முழுக்க, பாடத்துக்கு நடுவே, அதிகம் அறியப்படாத ஓவியங்களை எந்த விளக்கமும் இல்லாமல் இரண்டு நொடி காட்டிக் கடந்து போனார். பருவ முடிவில் புகழ்பெற்ற ஓவியங்களுக்கு இருந்த முன்னிலை கரைந்துவிட்டது. மேதைகள் என்று நாம் கொண்டாடும் பட்டியலில் எவ்வளவு பாடப்புத்தகமும் நாள்காட்டியும் சேர்ந்திருக்கிறது என்று யோசிக்க வைத்த முடிவு இது. 2003-இல் வெளியானது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸில் சிலர் 2013-இல் இதையே திருப்பிச் செய்தார்கள், இம்முறை தரம் குறைந்தவை என்று விமர்சகர்கள் சொல்லும் தாமஸ் கின்கேட்டின் மலிவு ரசனை ஓவியங்களை வைத்து. பார்க்கப் பார்க்க அவை பிடிக்காமல் போயின. பழக்கம் எல்லாவற்றையும் உயர்த்துவதில்லை. சில பொருள்கள் திரும்பப் பார்க்கும்போது புதிதாக ஏதோ கொடுக்கின்றன, சில காலியாகிவிடுகின்றன.

'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்பதற்கும் ஆதாரம் உண்டு. 200-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து ராபர்ட் போர்ன்ஸ்டைன் 1989-இல் எழுதியபடி, சுருக்கமாகப் பார்த்தவற்றில்தான் பழக்கத்தின் விளைவு வலுவாக இருக்கிறது. அளவு மீறினால் சலிப்பு வந்து விருப்பம் இறங்குகிறது. இரண்டு பழமொழியும் சரி, எண்ணிக்கைதான் வேறு.

முகம்: சராசரியின் வியப்பு

1878-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஒரு விபரீதமான திட்டத்தோடு இறங்கினார். குற்றவாளிகளின் புகைப்படங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பதித்தால் 'குற்றவாளி முகம்' என்று ஒன்று வெளிவரும் என்று எதிர்பார்த்தார். வெளிவந்தது, கலப்பில் இருந்த தனித்தனி முகங்களைவிடப் பார்க்க நன்றாக இருந்த ஒரு முகம். 1990-இல் ஜூடித் லாங்லோய்ஸ், லோரி ரோக்மன் கணினியில் இதையே முறையாகச் செய்தார்கள். 2, 4, 8, 16, 32 என்று முகங்களைக் கலந்தார்கள். 16-உம் 32-உம் கலந்த முகங்கள் தனி முகங்களைவிட அழகு என்று மதிப்பிடப்பட்டன.

காரணம் நாம் பார்த்ததே. சராசரி முகம் என்பது 'முகம்' என்ற வகைக்கு நல்ல மாதிரி. மூளைக்கு எளிது. ஆனாலும் சராசரிதான் முடிவான சொல் என்றால் அதுவும் தவறு. 1994-இல் டேவிட் பெரெட் குழுவினர், அழகு என்று மதிப்பிடப்பட்ட முகங்களை மட்டும் கலந்து, அந்தக் கலவை பொதுச் சராசரியிலிருந்து எங்கெங்கே விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகலை மேலும் மிகைப்படுத்தினார்கள். மிகைப்படுத்திய முகமே அதிகம் விரும்பப்பட்டது.

சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹெர்ஸ்டைனோடு 1999-இல் எழுதியபோது இந்த மிகைப்படுத்தலுக்கு எடுத்துக்கொண்டது சோழர் காலப் பார்வதி செப்புத்திருமேனியை. ஒடிந்துவிடும் போன்ற இடை, மூன்று வளைவாக நிற்கும் உடல். ஒரு பெண்ணுருவை ஆணுருவிலிருந்து பிரித்துக் காட்டும் வேறுபாடுகளைச் சிற்பி எடுத்து அதையே பெருக்கியிருக்கிறார் என்பது அவர்களின் வாதம். தேர்ந்த சிற்பியின் கையை இவ்வளவு சுருக்கமாக விளக்கிவிட முடியுமா என்பதில் எனக்குச் சம்மதமில்லை. சிலையில் பக்தியும் மரபும் அளவுநூலும் இருக்கின்றன. ஆனாலும் நல்ல துப்பு அது.

கடைசியாக ஒன்று. இரட்டையர்களை வைத்து 2015-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, முகங்களைப் பற்றிய நம் தனிப்பட்ட விருப்பம் பெரும்பாலும் மரபணுவிலிருந்து வருவதில்லை, ஒவ்வொருவரும் தனியாகக் கண்ட முகங்கள், தனியாக வாழ்ந்த அனுபவங்களிலிருந்து வருகிறது. ஒரே வீட்டில் வளர்ந்த ஒரே மரபணு இரட்டையர்களுக்குக்கூட ஒரே முகம் பிடிப்பதில்லை.

நிறம்: பிடித்த பொருளின் நிழல்

நிறத்துக்குச் சரளம் மட்டும் போதாது. ஸ்டீபன் பாமர், கேரன் ஷ்லாஸ் 2010-இல் 32 நிறங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பொருளை நினைவூட்டுகிறது என்று சிலரிடமும், அந்தப் பொருள்கள் எவ்வளவு பிடிக்கும் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். பொருள்களின் மதிப்பெண்ணை வைத்தே நிறங்களின் மதிப்பெண்ணைப் பெருமளவு கணித்துவிட முடிந்தது. நீலம் தெளிந்த வானத்தையும் நல்ல தண்ணீரையும் கொண்டுவருகிறது, பிடிக்கிறது. இருண்ட மஞ்சளும் சாணிப் பச்சையும் அழுகலையும் கழிவையும் கொண்டுவருகின்றன, பிடிப்பதில்லை. பிறகு நடந்த ஆய்வில், பெர்க்லி மாணவர்களுக்குத் தங்கள் பல்கலைக்கழகத்தின் நீலமும் பொன்னிறமும், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களுக்குத் தங்கள் சிவப்பும், கல்லூரிப் பற்று எவ்வளவோ அவ்வளவு பிடித்தன.

அதனால் சாணத்தைப் பார்த்ததும் மெழுகிய தரையும் மார்கழி வாசலும் நினைவுக்கு வருபவருக்கு அந்த நிறத்தின் கணக்கு வேறாக இருக்கலாம். நிறச் சேர்க்கையும் அப்படித்தான். அமெரிக்கப் பங்கேற்பாளர்களிடம் செய்த சோதனைகளில் ஒத்த நிறங்களின் ஜோடியே இசைவானது என்று வந்தது. காஞ்சிபுரம் தறியில் மாம்பழ மஞ்சள் உடலுக்கு அரக்குக் கரை போட்டுக் கோர்வை நெய்பவரும், அதை ஆசையோடு கட்டுபவரும் வேறு பாடம் கற்றிருக்கிறார்கள்.

இந்த அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்திய நாடு ஆஸ்திரேலியா. 2012 டிசம்பர் முதல் அங்கே எல்லா சிகரெட் பெட்டிகளும் ஒரே மங்கலான பச்சை கலந்த பழுப்பு. யாருக்கும் கையில் எடுக்கப் பிடிக்காத நிறம் எது என்று புகைபிடிப்பவர்களிடமே ஆய்வு நடத்தித் தேர்ந்தெடுத்தது. முதலில் அதை 'ஆலிவ் பச்சை' என்றார்கள். எங்கள் காய்க்குக் கெட்ட பெயர் வரும் என்று ஆலிவ் விவசாயிகள் சங்கம் எதிர்த்ததும் பெயரை மாற்றினார்கள். நிறத்துக்கும் பொருளுக்கும் உள்ள ஒட்டு எவ்வளவு வலுவானது என்பதை அந்த விவசாயிகள் ஆய்வு படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

இதனால் என்ன ஆகிறது?

கண்ணுக்குப் பிடித்துப்போவது ரசனையோடு நின்றுவிட்டால் பிரச்சினை இல்லை. மூளை அந்தச் சுகத்தை வேறு கணக்குகளிலும் எழுதிவிடுகிறது.

1. எளிதாகப் படிக்க முடிவதை உண்மை என்று நினைக்கிறோம். ரேபரும் ஷ்வார்ஸும் 1999-இல், இன்ன ஊர் இன்ன நாட்டில் இருக்கிறது என்பது போன்ற வாக்கியங்களைச் சிலவற்றைப் பளிச்சென்ற நிறத்திலும் சிலவற்றைப் பின்னணியோடு மங்கும் நிறத்திலும் காட்டினார்கள். பளிச்சென்று தெரிந்தவற்றை உண்மை என்று சற்று அதிகமாக ஏற்றார்கள். நேர்த்தியாக வடிவமைத்த ஒரு பொய்ச் செய்தி அட்டைக்கு இந்தச் சலுகை இலவசமாகக் கிடைக்கிறது.

2. அழகான கருவி எளிதாக இயங்கும் என்று நம்புகிறோம். 1995-இல் ஜப்பானில் மசாகி குரோசு, காவோரி காஷிமுரா ஏ.டி.எம். திரையின் 26 அமைப்புகளைக் காட்டிச் சோதித்தார்கள். பொத்தான்கள் அதே வேலையைத்தான் செய்தன, இடம் மட்டும் வேறு. அழகாகத் தெரிந்ததையே பயன்படுத்த எளிது என்றும் சொன்னார்கள். இஸ்ரேலில் நோவாம் டிராக்டின்ஸ்கி இதைச் சோதித்தபோது, ஜப்பானியப் பண்பாட்டின் விளைவு இது, இங்கே வராது என்று எதிர்பார்த்தார். இன்னும் வலுவாகவே வந்தது.

3. அழகான முகத்துக்கு நல்ல குணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். 1972-இல் காரன் டையன் குழுவினர் வெறும் புகைப்படங்களைக் காட்டிக் கேட்டபோதே, அழகானவர்களுக்கு நல்ல குணமும் நல்ல வேலையும் நல்ல மண வாழ்க்கையும் இருக்கும் என்று சொன்னார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் பெண் பார்க்கும்போதும் இந்தக் கணக்கு பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

4. நல்ல காட்சி உடம்புக்கும் போய்ச் சேருகிறது. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் 1984-இல் ஒப்பிட்டார். ஜன்னலில் மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேர். மரம் தெரிந்தவர்கள் சராசரியில் கிட்டத்தட்ட முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே எடுத்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் மருத்துவமனைக் கட்டட வடிவமைப்பை மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

5. எதைப் பார்க்கிறோமோ அதுவே நம் அளவுகோலை நகர்த்துகிறது. இதுதான் இன்று அதிகம் கவலைப்பட வேண்டியது. 2003-இல் ஜில்லியன் ரோட்ஸ் குழுவினர், முக உறுப்புகளை உள்ளே இழுத்தோ வெளியே தள்ளியோ மாற்றிய முகங்களைச் சில நிமிடங்கள் காட்டினார்கள். அதன்பின் எது இயல்பு, எது அழகு என்ற கணிப்பே அந்தத் திசையில் நகர்ந்தது. சில நிமிடங்களுக்கே இப்படி. தினமும் மணிக்கணக்கில் ஃபில்டர் போட்ட முகங்களைப் பார்ப்பவரின் அளவுகோல் எங்கே போய் நிற்கும்?

தமிழில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. வெளுத்த தோலை நாம் 'சிவப்பு' என்கிறோம், கொஞ்சம் கருத்தால் 'மாநிறம்' என்கிறோம், அதற்கும் மேல் போனால் 'கருப்புதான், ஆனா களையா இருக்கும்' என்று ஓர் 'ஆனா' சேர்க்கிறோம். பத்திரிகை அட்டை, கிரீம் விளம்பரம், திரை, கல்யாண வரன் பட்டியல் என்று ஒரே வகைத் தோலைத் திரும்பத் திரும்பக் காட்டிப் பழக்கிய அளவுகோல் அது. ஸயான்ஸின் 25 தடவை எங்கே, இது எங்கே? நம் தெருவில் நடக்கும் முகங்கள் நம் கண்ணுக்கே விதிவிலக்காகத் தெரியும் நிலை இயற்கையாக வந்ததல்ல.

மதிப்பெண் போடும் செயலி எதை அளக்கிறது?

மறுபடி அந்த வாட்ஸப் படத்துக்கு வருவோம். அதில் இருப்பது நாம் ஆயிரம் தடவை பார்த்த ஒரு நடிகையின் முகம். தேர்ந்தெடுத்த கோணம், ஒப்பனை, ஒளி, திருத்தம் எல்லாம் முடிந்த படம். அது நமக்கு அழகாகத் தெரிவதற்கு மேலே சொன்ன காரணங்களே போதும். எண் வந்து எதையும் கூட்டவில்லை.

செல்பேசியில் எடுத்த படத்தில் சிக்கல் இன்னும் அடிப்படையானது. கேமரா எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு முன்னால் துருத்தியிருப்பது பெரிதாகத் தெரியும். முகத்தில் முன்னால் இருப்பது மூக்கு. 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 30 செ.மீ. தூரத்தில் கை நீட்டி எடுத்த செல்ஃபியில், 1.5 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தைவிட, முகத்தோடு ஒப்பிட்ட மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. அதே ஆள், அதே முகம். செல்பேசியை ஒரு நண்பர் கையில் கொடுத்து நாலு அடி பின்னால் போய் எடுக்கச் சொன்னால் அந்தச் செயலி வேறு மதிப்பெண் போடும்.